மலையேறி வந்த மீன்



வரலாறு என்ற சொல்லைக் கேட்டதும் அரசரும் போரும் கோட்டையும் உடன்படிக்கையுமே நம்மிற் பலரின் நினைவுக்கு வருகின்றன. பொதுமக்கள் நாள்தோறும் உண்ட உணவுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் எளிதில் எண்ணுவதில்லை. சோற்றுத் தட்டின் ஓரத்தில் வைக்கப்படும் ஒரு துண்டு மீன், கடலிலிருந்து மலை வரை எவ்வழியாக வந்தது, யார் கையில் வந்தது, எந்நிலையில் வந்தது என்று ஆராயப் புகுந்தால், அரசியலும் பொருளாதாரமும் விஞ்ஞானமும் அத்துண்டினுள் அடங்கியிருப்பதைக் காணலாம்.

அண்மைக் காலத்தில் நம் நாட்டுக் கடைகளில் ‘எயார் ஃபிரையர்’ என்னும் பெயரோடு ஒரு மின்கருவி விற்கப்படுகின்றது. கொதிக்கும் எண்ணெய்க்குப் பதிலாகச் சூடான காற்றினால் உணவை மொறுமொறுப்பாக்கும் அக்கருவியைக் காற்றுப் பொரிகலன் என்று நாம் தமிழில் அழைக்கலாம். கொழும்பு வீடுகளில் மீன் துண்டுகளை அதில் வைத்துப் பொரித்தெடுக்கும் வழக்கம் பரவி வருகின்றது. வெளிநாடுகளில் உழைக்கும் உறவினர் வழியாகத் தோட்டத்து வீடுகளையும் அது எட்டிப்பார்க்கத் தொடங்கியுள்ளது. எண்ணெயும் வேண்டாம், புகையும் இல்லை என்று கேட்கும்போது, இனி மலைநாட்டாரும் கடற்கரையாரைப் போல் மீன் பொரித்து உண்ணலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. அவ்வெண்ணம் எவ்வளவு சரியானது? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், சப்ரகமுவ மலைகளுக்கு மீன் வந்த நெடும்பாதையைத் தொடக்கத்திலிருந்தே நாம் பார்க்க வேண்டும்.

சப்ரகமுவ மாகாணத்தில் இரத்தினபுரி, கேகாலை என இரண்டு மாவட்டங்கள் உள்ளன. இரண்டிற்கும் கடற்கரை இல்லை. கேகாலை மாவட்டத்து அரநாயக்கவை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து கண்டி வீதி வழியாக மாவனல்லை வந்து, அங்கிருந்து மலைப்பாதையில் திரும்பினால் அரநாயக்கவை அடையலாம். மொத்தத் தூரம் ஏறக்குறைய நூறு கிலோமீற்றர். இன்று வாகனத்திற் செல்வோருக்கு இது சில மணி நேரப் பயணம். எருதும் மனிதனின் தோளுமே வாகனமாயிருந்த காலத்தில் இது பல நாட் பயணம். பிடித்த மீனோ வெப்ப நாட்டில் ஒரு பகலைக்கூடத் தாங்காது. ஆகவே, மலைநாட்டுக்கு மீன் வந்த வரலாறு என்பது, மீன் கெடாமல் தூரத்தைக் கடப்பதற்கு மனிதன் கண்ட உபாயங்களின் வரலாறே ஆகும்.

அவற்றுள் மிகப் பழையவை உப்பும் வெயிலும். மீனில் உள்ள நீரை உப்பு வெளியேற்றுகின்றது. எஞ்சிய நீரை வெயில் உறிஞ்சுகின்றது. நீர் குறைந்த இடத்தில் அழுகச்செய்யும் நுண்ணுயிர் பெருகுவதில்லை. இவ்விஞ்ஞான விளக்கம் பிற்காலத்தது. செயல்முறையோ மிகத் தொன்மையானது. நெய்தல் நிலத்து மக்கள் மீனை உப்பிட்டு உணக்கியதும், அதைக் கவர வரும் பறவைகளை மகளிர் ஓட்டியதும் சங்கச் செய்யுட்களிற் பேசப்படுகின்றன. ஈழத்தின் கரைகளிலும் இத்தொழில் தொன்றுதொட்டு நடந்து வந்தது.

கண்டி இராச்சிய காலத்தில், கரையோரத்து உப்பும் கருவாடும் ‘தவலம்’ எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களின் முதுகிலேறி மலைநாட்டுக்கு வந்தன. இவ்வணிகத்திற் பெரும் பங்கு வகித்தோர் முஸ்லிம் வணிகர். மேலே சென்ற மாடுகள் உப்பும் கருவாடும் சுமந்தன. கீழே திரும்பிய மாடுகள் பாக்கும் மிளகும் சுமந்தன. இன்றைய கேகாலை மாவட்டம் அந்நாளிற் கண்டிக்குச் செல்லும் மேற்கு வாயிலாக விளங்கியதால், இப்போக்குவரத்தின் பெரும் பகுதி இப்பிரதேசத்தின் ஊடாகவே நடந்தது.

உப்பும் கருவாடும் அற்பப் பொருள்களல்ல என்பதற்கு அரசியல் வரலாறே சான்று. 1766 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கண்டி மன்னனுடன் செய்த உடன்படிக்கையினால் தீவின் கரையோரம் முழுவதும் அவர்கள் வசமாயிற்று. கண்டி மக்கள் கரையோர உப்பளங்களிலிருந்து உப்பு எடுத்துச் செல்வதற்கு அவ்வுடன்படிக்கையிலேயே இடம் குறிக்க வேண்டியதாயிற்று. கடலை இழந்த இராச்சியம் கஞ்சிக்கு உப்பையும் கறிக்குக் கருவாட்டையும் பிறர் தயவினாற் பெறும் நிலைக்குத் தாழ்ந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னர், 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் கைதியாக இருந்த ஆங்கிலேயர் ரொபட் நொக்ஸ், சோற்றோடு சிறிது உப்பும் இலைக்கறியும் எலுமிச்சைச் சாறும் கிடைத்தாலே அந்நாட்டார் அதனை நல்ல உணவாகக் கொண்டனர் என்று எழுதியுள்ளார். அத்தகைய தட்டில் ஒரு துண்டு கருவாடு எத்துணை பெருமதிப்புடையதாய் இருந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது உபாயம் புளிப்பு. சப்ரகமுவவின் ஈரக் காடுகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் கொறக்கா மரம் செழித்து வளர்கின்றது. அதன் கனியைப் பிளந்து உலர்த்திக் கறுத்த சுளைகளாக வைத்துக்கொள்வர். தென்பகுதிச் சிங்கள மக்கள் சூரை இன மீனைத் துண்டுகளாக்கி, கொறக்காவும் மிளகும் உப்பும் அரைத்துப் பூசி, சட்டியில் நீர் வற்றும்வரை வேகவைத்து ‘அம்புல் தியல்’ செய்தனர். குளிர்சாதனம் இல்லாமலே அது சில நாட்கள் கெடாதிருக்கும். உப்பும் கொறக்காவும் சேர்த்து மீனைச் சாடியில் ஊறவைக்கும் ‘ஜாடி’ என்னும் முறையும் இதன் உறவே. காடு தந்த புளியும் கடல் தந்த மீனும் இவ்வாறு ஒன்றையொன்று காத்தன.

மூன்றாவது உபாயம் புகை. மாலைதீவு மக்கள் பலயா மீனை அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் உலர்த்தி, மரக்கட்டை போன்ற மாசியாக்கினர். பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அத்தீவுகளில் தங்கிய மொரோக்கோ நாட்டுப் பயணி இபுன் பதூதா, அம்மீன் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யெமனுக்கும் ஏற்றுமதியானதைக் குறிப்பிட்டுள்ளார். இன்று நாம் தேங்காய்ச் சம்பலில் இடித்துச் சேர்க்கும் மாசித் தூள், அப்பழைய வணிகத்தின் வழிவந்ததே.

இனி, தோட்டங்களின் காலத்துக்கு வருவோம். 1820களிற் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது முதல், திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் இந்நாட்டு மலைகளுக்கு வரலாயினர். 1869 இல் தோன்றிய இலை நோய் கோப்பியை அழித்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைச் செய்கை அதனிடத்தைப் பிடித்தது. கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் தேயிலையோடு இறப்பரும் பரவியது. கொழுந்து பறிப்போரும் பால் வெட்டுவோரும் வரிசை வீடுகளாகிய லயங்களிற் குடியமர்த்தப்பட்டனர்.

அவர்கள் புறப்பட்டு வந்த ஊர்களிற் பல, கடலிலிருந்து தொலைவில் உள்ள வறண்ட ஊர்கள். கருவாட்டுக் குழம்பு அவர்களுக்குப் புதியதன்று. ஆயினும் ஊரிற் சந்தைக்குச் சென்று தாமே பேரம் பேசி வாங்கியதற்கும், தோட்டத்தில் வாங்கியதற்கும் ஒரு வேறுபாடு இருந்தது. அரிசி தோட்டத்திலேயே அளந்து கொடுக்கப்பட்டு, அதன் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. மிளகாய், புளி, கருவாடு ஆகியன பெரும்பாலும் கடனுக்கு வாங்கப்பட்டன. பல இடங்களிற் கங்காணியோ அவரைச் சார்ந்தோரோ அக்கடையை நடத்தினர். 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929 இல் முதன்முதலாகக் குறைந்தபட்ச நாட்சம்பளம் நிர்ணயிக்கப்பட்டபோது, உயர்நாட்டில் ஆண் தொழிலாளிக்கு 54 சதமும், மத்திய பகுதியில் 52 சதமும், தாழ்நாட்டில் 50 சதமும் விதிக்கப்பட்டன. பெண்ணின் சம்பளம் அதனினும் குறைவு. இச்சம்பளத்திலிருந்து அரிசிக் கணக்கும் கடைக்கடனும் போக எஞ்சியதில் எந்த மீனை வாங்க முடியும்? நெத்தலிக் கருவாட்டையும், துண்டாக்கிய கட்டாக் கருவாட்டையும், சிறிது மாசியையுமே வாங்க முடியும்.

கருவாட்டை ஏழையின் உணவென்று இகழ்வோர் உளர். அஃது அறியாமை. நீர் நீங்கிய மீனாதலால், நிறைக்கு நிறை பார்த்தால் பச்சை மீனைவிடக் கருவாட்டிற் புரதம் மிகுதி. குளிர்ப்பெட்டி வேண்டாம், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் கூரைக்குக் கீழே ஒரு கம்பியில் தொங்கவிட்டால் போதும். சிறு துண்டு ஒன்றே ஒரு சட்டிக் குழம்புக்குச் சுவையூட்டி, குடும்பம் முழுவதையும் உண்ணவைக்கும். அதன் குறை உப்பு மிகுதியே. வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் அக்குறையும் ஓரளவு தணியும். மலையகத்தின் பல தலைமுறைகள் உழைத்தெழுந்ததற்குக் கருவாடும் ஒரு துணை என்பதை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும்.

இவ்வாறு கருவாடு லயங்களை ஆண்ட காலத்திலேயே, பச்சை மீனுக்கும் வழி திறக்கத் தொடங்கியது. 1833 இல் மாவனல்லையில் மகா ஓயாவின் மேல் கற்பாலம் அமைக்கப்பட்டது. கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரை 1865 இலும், கண்டி வரை 1867 இலும் புகையிரதம் ஓடலாயிற்று. 1860களிலேயே கொழும்பிற் பனிக்கட்டி செய்யும் கம்பனியும் தோன்றியது. பாதையும் பனிக்கட்டியும் கைகோத்தபோது, பச்சை மீன் முதன்முறையாக மலையேறக்கூடியதாயிற்று. எனினும் அம்மீன் துரைமாரின் பங்களாவுக்கும் நகரத்து விடுதிகளுக்குமே சென்றது. அதே பாதையில் வந்த வேறொரு பொருள் தகரப் பேணி. 1810 இல் பிரான்சு நாட்டு நிக்கொலா அப்பேர் உணவைக் காற்றுப் புகாது அடைத்துச் சூடாக்கிக் காக்கும் முறையை வெளியிட்டார். அதன் பேரப்பிள்ளையே இன்று தோட்டக் கடைகளின் அலுமாரியில் அடுக்கப்பட்டுள்ள டின் மீன்.

சுதந்திரத்தின் பின்னர் நிலைமை மெல்ல மாறியது. 1950களின் இறுதியில் இயந்திரப் படகுகளும் நைலோன் வலைகளும் வந்தன. 1964 இல் இலங்கை மீன்பிடிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, கரையோரமல்லாத நகரங்களுக்கும் மீன் கொண்டு செல்லும் பணியை ஏற்றது. 1952 இல் நன்னீர்க் குளங்களில் விடப்பட்ட திலாப்பியா, உள்நாட்டாருக்குக் கடலை நம்பாத ஒரு மீனைக் கொடுத்தது. ஆனால் 1970களின் முற்பகுதியில் கருவாடு, மாசி, செத்தல் மிளகாய், பருப்பு ஆகியவற்றின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதனோடு உலகெங்கும் உணவு விலையும் ஏறியது. அரிசியும் மாவும் பங்கீட்டிற் குறைந்த 1974 ஆம் ஆண்டளவில், தோட்டப்பகுதிகளில் இறப்பு வீதம் உயர்ந்தது. கருவாடு இல்லாமற் போனது வெறும் சுவைக்குறைவன்று. கீரையும் மாவும் மட்டுமே எஞ்சிய தட்டில் இருந்த கடைசிப் புரதமும் போனதாகும்.

1980களிலிருந்து பலநாட் படகுகள் ஆழ்கடலிற் பல நாட்கள், சிலவேளை வாரக்கணக்கில் தங்கி, மீனைப் பனிக்கட்டியில் இட்டுக் கொண்டுவருகின்றன. கெலவல்லா, பலயா, தலபத் ஆகிய பெரிய மீன்கள் நீர்கொழும்பிலும் பேருவளையிலும் கரையேறி, கொழும்புக்கு அருகே பேலியகொடை மொத்தச் சந்தை வழியாக மாவனல்லைக்கு வருகின்றன. அங்கிருந்து மோட்டார் சைக்கிளின் பின்னே கட்டிய பெட்டியில் தோட்டப் பாதைகளில் ஏறுகின்றன. மீன்காரரின் ஒலிப்பான் கேட்டதும் லயத்துப் பெண்கள் தட்டோடு வெளிவருவது இன்று வழக்கமான காட்சி. தவலம் மாட்டுக்குப் பின் இதுவே பெரிய மாற்றம்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று ஓர் எச்சரிக்கையைக் கேட்க வேண்டும். மேற்சொன்ன மீன்களிற் கெலவல்லா, பலயா போன்ற சூரை இனத்தின் தசையில் ஹிஸ்ரிடின் என்னும் பொருள் மிகுதியாக உண்டு. மீன் போதிய குளிரின்றிச் சில மணி நேரம் கிடந்தால், பற்றீரியாக்கள் அதனை ஹிஸ்ரமின் என்னும் நச்சுப் பொருளாக மாற்றுகின்றன. அத்தகைய மீனை உண்டவருக்கு முகம் சிவத்தல், தலையிடி, உடலரிப்பு, நெஞ்சு படபடப்பு ஆகியவை விரைவில் உண்டாகும். முக்கியமான செய்தி யாதெனில், ஒருமுறை உண்டான ஹிஸ்ரமின் சமைத்தாலும் அழியாது. மீண்டும் பனிக்கட்டியில் வைத்தாலும் அழியாது. எண்ணெயிற் பொரித்தாலும் காற்றிற் பொரித்தாலும் அஃது அங்கேயே இருக்கும். வழியிற் கெட்ட மீனைத் திருத்தக்கூடிய அடுப்பு இவ்வுலகில் இல்லை. ஆதலால், மீன்காரரின் பெட்டியில் மீன் முழுவதையும் மூடும் அளவுக்குப் பனிக்கட்டி உள்ளதா என்று முதலிற் பாருங்கள். பின்னரே விலை கேளுங்கள்.

இனிப் பொரித்தல் என்னும் செயலுக்கு வருவோம். மீன் துண்டுக்கு நாம் பூசும் மசாலையே ஒரு சிறு வரலாற்று நூல். மஞ்சளும் மிளகும் இம்மண்ணுக்குப் பழையவை. சிவப்பு மிளகாயோ அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, 1505 இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரின் காலத்தில் கீழைநாடுகளிற் பரவியது. எண்ணெய் நிறைந்த தாச்சியில் மீனைப் பொரித்தல், தேங்காய் எண்ணெய் தாராளமாகக் கிடைத்த இடத்திலேயே நாளாந்த வழக்கமாயிற்று. தோட்டத்தில் எண்ணெய் போத்தலாக வாங்கப்பட்டதைவிட, சிறு அளவுகளில் அளந்து வாங்கப்பட்டதே அதிகம். எனவே பொரித்த மீன் பண்டிகை நாளுக்கும் விருந்தாளிக்கும் உரியதாக இருந்தது; ஏனைய நாட்களுக்குக் குழம்பே உணவாயிற்று.

காற்றினாற் பொரிக்கும் எண்ணம் ஒரே நாளில் தோன்றியதன்று. 1945 இல் அமெரிக்கராகிய வில்லியம் மக்சன், விமானங்களில் உறைந்த உணவைச் சூடாக்குவதற்காக, விசிறி பொருத்திய ஒரு சிற்றடுப்பை உருவாக்கினார். சூடான காற்று அசையாது நிற்பதைவிடச் சுழன்று வீசும்போது உணவுக்கு வெப்பத்தை விரைவாகக் கொடுக்கும் என்பதே அதன் தத்துவம். ஒல்லாந்து நாட்டவரான ஃபிரெட் வான் டெர் வெய் இத்தத்துவத்தைச் சிறிய வீட்டுக் கலனுக்கு ஏற்றவாறு அமைத்தார். அந்நாட்டின் பிலிப்ஸ் நிறுவனம் 2010 இல் அக்கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மேலே ஒரு சூட்டுக் கம்பி, அதற்கு மேல் ஒரு விசிறி, கீழே துளையுள்ள ஒரு கூடை. இவ்வளவே அதன் அமைப்பு. வீசும் வெங்காற்று துண்டின் மேற்பரப்பிலுள்ள ஈரத்தை விரைந்து போக்குகின்றது. ஈரம் போன மேற்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 140 பாகை செல்சியசைக் கடந்ததும், புரதக்கூறுகளும் சர்க்கரைக்கூறுகளும் இணைந்து பொன்னிறமும் மணமும் உண்டாகின்றன. 1912 இல் இம்மாற்றத்தை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மயார் என்பவரின் பெயராலேயே அது வழங்குகின்றது. தாச்சியிலும் நடப்பது இதுவே. வெப்பத்தைக் கொண்டுவரும் ஊடகம் எண்ணெயா, காற்றா என்பதே வேறுபாடு.

இக்கருவி வீட்டில் உள்ளவர்களுக்காகச் செய்முறையையும் சொல்லிவிடுகின்றேன். மீனைக் குறுக்காக, முக்கால் அங்குலத் தடிப்புள்ள துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். கழுவிய பின் ஈரத்தை நன்கு ஒற்றி எடுங்கள். ஈரமுள்ள துண்டு வேகுமேயன்றி மொறுமொறுக்காது. மஞ்சள், மிளகு, மிளகாய்த்தூள், உப்பு ஆகியவற்றோடு, நம் பிரதேசத்துக்கே உரிய கொறக்காவை அரைத்துச் சிறிது சேர்த்துப் பூசி, அரைமணி நேரம் வையுங்கள். மேலே ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். மாவுக் கரைசலில் தோய்த்து வைக்க வேண்டாம். அது கூடையின் துளைகளில் ஒழுகிவிடும். கருவியை முன்னரே சூடாக்கி, துண்டுகள் ஒன்றன்மேலொன்று படாதவாறு பரப்பி, 200 பாகை செல்சியஸ் வெப்பத்திற் பத்து முதற் பன்னிரண்டு நிமிடம் வையுங்கள். பாதி நேரத்திற் புரட்டுங்கள். தசை ஒளிபுகாத வெண்மையடைந்து, முள்ளிலிருந்து எளிதிற் பிரிந்தால் வெந்துவிட்டது என்று கொள்ளலாம். கெலவல்லா கொழுப்புக் குறைந்த மீன். அது விரைவில் வரண்டுவிடும். அதற்கு எட்டு நிமிடத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். வாசனைக்காக வாழையிலையை வெறுமனே விரித்தால், அது காற்றில் எழும்பிச் சூட்டுக் கம்பியைத் தொடும் ஆதலால் அதனைத் தவிர்க்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். இக்கருவிகளிற் பல 1500 வாற்று அளவில் மின்சாரம் கொள்பவை. அது 230 வோல்ற்றில் ஆறரை அம்பியர் ஆகும். பழைய வீடுகளிலுள்ள சிறிய வட்டத்துளைச் செருகிகள் 5 அம்பியருக்கு அமைந்தவை. அவற்றில் இதனைப் பொருத்துவது ஆபத்து. நீட்டுக் கம்பியில் தேநீர்க் கேத்தலோடு சேர்த்துப் பொருத்துவது அதனினும் ஆபத்து. லயங்களில் நெருப்புப் பற்றினால் ஒரு வீட்டோடு நில்லாது, ஒரே கூரையின் கீழுள்ள வரிசை முழுவதையும் பற்றும் என்பதை நாம் அறிவோம். செலவைக் கணக்கிட்டால், இருபது நிமிடத்துக்கு அரை அலகு மின்சாரம் போதும். விறகு அடுப்புக்குச் செலவு இல்லையே என்பர் சிலர். உண்மையில் அதற்கும் செலவு உண்டு. பகல் முழுவதும் மலைச்சரிவிற் கொழுந்து பறித்துவிட்டு, மாலையில் விறகுக் கட்டைத் தலையிற் சுமந்து வரும் தாயின் உழைப்பு அச்செலவு. காற்றோட்டமற்ற சமையலறையில் அவளும் மடியிலுள்ள குழந்தையும் சுவாசிக்கும் புகையும் அச்செலவே. உலகில் வீட்டுப் புகையினால் 2020 ஆம் ஆண்டில் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

ஆகவே, காற்றுப் பொரிகலன் புகையைக் குறைக்கின்றது, எண்ணெயைக் குறைக்கின்றது, நேரத்தைக் குறைக்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் நம் வரலாறு முழுவதிலும் மலைநாட்டின் சிக்கல் அடுப்பு மட்டுமன்று. மீன் வந்த தூரமும், அதனை வாங்கும் சம்பளமுமே முதற் சிக்கல்கள். 2022 ஆம் ஆண்டு இதனைத் தெளிவாகக் காட்டியது. மண்ணெண்ணெய் இல்லாமற் படகுகள் கரையில் நின்றன. சமையல் எரிவாயு கிடைக்கவில்லை. நகரத்தாரும் விறகு தேடினர். அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்சாரம் ஒரே நாளிற் பதின்மூன்று மணி நேரம் வரை தடைப்பட்டது. செப்டெம்பரிற் கொழும்பின் உணவுப் பணவீக்கம் ஏறக்குறைய 95 சதவீதத்தை எட்டியது. அதே 2022 ஆகஸ்டிலும் மறு ஆண்டு பெப்ரவரியிலும் மின் கட்டணம் பெருமளவில் உயர்த்தப்பட்டது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளமோ 2021 மார்ச்சில்தான் நெடிய போராட்டத்தின் பின் ஆயிரம் ரூபாவாகியிருந்தது. மின்சாரம் இல்லாத வேளையிற் புதிய கருவி ஒரு பெட்டி மட்டுமே. மீன் வாங்க இயலாத வேளையில் எந்த அடுப்பும் வெறும் அடுப்பே.

இப்பேச்சின் உயிர்நிலைக்கு வருகின்றேன். 2016 ஆம் ஆண்டு நாடளாவிய குடித்தொகைச் சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் வளராதோர் நாடு முழுவதிலும் 17 சதவீதம் என்றும், தோட்டப்புறத்தில் 32 சதவீதம் என்றும் கண்டது. தோட்டப்புறத்தில் மூன்று குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று என்று பொருள். காரணங்கள் பல, உணவிற் புரதக் குறைவு அவற்றுள் ஒன்று. பாடசாலையில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும் ஆசிரியர் ஒருவருக்கு இவ்விலக்கம் வெறும் இலக்கமன்று. பின்வரிசையிற் சோர்ந்திருக்கும் பிள்ளைக்கு வரலாறு கற்பிக்கும் முன், அப்பிள்ளையின் காலை உணவில் என்ன இருந்தது என்று கேட்கும் கடமை நமக்குண்டு.

நேயர்களே, தவலம் மாடு உப்பைக் கொண்டுவந்தது. கங்காணியின் கடை கருவாட்டைக் கடனாகக் கொடுத்தது. புகையிரதம் பனிக்கட்டியையும் பேணியையும் ஏற்றி வந்தது. மோட்டார் சைக்கிள் பச்சை மீனை வாசலுக்கே கொண்டுவந்துள்ளது. ஒவ்வொரு புதிய உபாயமும் முதலில் வசதியுள்ளோரை அடைந்து, நெடுங்காலத்தின் பின்னரே லயத்துக்கு வந்தது. காற்றுப் பொரிகலனும் அவ்வழியே வரும். அது வரும் வரை காத்திராமல், நாம் இன்றே செய்யக்கூடியன சில உண்டு. மீன்காரரிடம் பனிக்கட்டியைக் கேட்கலாம். பெரிய மீனின் ஒரு துண்டு வாங்க இயலாத நாளில், ஒரு பிடி நெத்தலிக் கருவாட்டைக் கழுவிக் குழந்தையின் சோற்றிற் சேர்க்கலாம். கருவாடு கொண்டுவரும் பிள்ளையைப் பிற பிள்ளைகள் கேலி செய்யாதவாறு, அதன் பெருமையை வகுப்பறையில் எடுத்துச் சொல்லலாம். அடுப்புக்குப் புகைபோக்கியும் லயத்துக்குப் பாதுகாப்பான மின்னிணைப்பும் கேட்டுப் பெறலாம். தாய்க்கு வைக்கும் துண்டு கடைசித் துண்டாக இல்லாமற் பார்த்துக்கொள்ளலாம்.

கடலில்லாத மாகாணத்தில் கடலின் பயன் ஒவ்வொரு குழந்தைக்கும் கிட்டுமாயின், இருநூறு ஆண்டுகளாக மலையேறி வந்த மீனின் பயணம் நிறைவெய்தியது எனலாம். அந்நாள் விரைவில் வருவதற்கு நாம் ஒவ்வொருவரும் நம் பங்கைச் செய்வோமாக.